வீட்டில் 300 வோல்ட், 5 ஆம்பியர் லீனியர் சப்ளை: நான்கு மாஸ்ஃபெட் போதுமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 0 முதல் 300 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளக்கூடிய, 5 ஆம்பியர் வரை தரக்கூடிய லீனியர் பவர் சப்ளை ஒன்றை அவர் வீட்டிலேயே கட்ட வேண்டும். ஒரு நாள் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்க, இன்னொரு நாள் டிரெட்மில்லில் இருந்து கழற்றிய 180 வோல்ட் டிசி மோட்டாரை ஓட்டிப் பார்க்க. கட்டுப்பாட்டுக்கு எல்எம்317 என்ற ரெகுலேட்டர் சிப், அதன் பின்னால் ஐஆர்எஃப்பி460 மாஸ்ஃபெட் (ஒருவகைப் பவர் டிரான்சிஸ்டர்) நான்கு இணையாக. "ஒன்று 20 ஆம்பியர், 280 வாட் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. நான்கும் சேர்ந்தால் 80 ஆம்பியர், 1,120 வாட். 5 ஆம்பியருக்கு இது தாராளம்தானே? அண்ணன்மார் யாராவது சர்க்யூட் சரியா என்று பாருங்கள்" என்கிறார்.

சர்க்யூட் சரியா என்பது மேலோட்டமான கேள்விதான். உண்மையில் கேட்க வேண்டியது வேறு: முழு வோல்ட்டேஜும் முழு கரண்ட்டும் ஒரே சமயத்தில் அந்த மாஸ்ஃபெட்டுகள் மேல் விழும் நேரம் ஒன்று வரும், அப்போது அவை பிழைக்குமா, அந்தச் சூடு எங்கே போகும்? துவாஸ் பக்கம் தொழிற்சாலைகளின் சோதனைக் கருவிகளைப் பல வருடமாகப் பழுது பார்த்துவருகிறேன். மேசைக்கு வரும் லீனியர் சப்ளைகளில் கட்டுப்பாட்டு சர்க்யூட் கெட்டுப்போனவை குறைவு. முழுக் கரண்ட்டையும் கடத்தும் பாஸ் டிரான்சிஸ்டர் வெடித்து வருபவைதான் அதிகம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். லீனியர் ரெகுலேட்டரில் உள்ளே வரும் வோல்ட்டேஜுக்கும் வெளியே போகும் வோல்ட்டேஜுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் பாஸ் டிரான்சிஸ்டர் மேல் நிற்கும். அதைக் கரண்ட்டால் பெருக்கினால் வருவது சூடு. 300 வோல்ட் வெளியே வர, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின் முழு லோடில் சுமார் 345 வோல்ட் வேண்டும் (அது எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்). வெளியே 300 வோல்ட், 5 ஆம்பியர் ஓடும்போது மாஸ்ஃபெட்டுகள் எரிப்பது 45 பெருக்கல் 5, அதாவது 225 வாட். அது பரவாயில்லை. ஆனால் குமிழைக் கீழே திருப்பி 10 வோல்ட்டில் அதே 5 ஆம்பியர் எடுத்தாலோ, வயர் இரண்டும் தொட்டு ஷார்ட் ஆனாலோ 1,700 வாட்டை ஒட்டிப் போகும். உங்கள் நான்கு மாஸ்ஃபெட்டின் காகிதக் கணக்கான 1,120 வாட்டே இதற்குப் போதாது. இன்னொரு அளவில் பார்த்தால், படுக்கையறையில் மாட்டும் 9,000 பிடியு ஏர்கான் வெளியே தள்ளும் வெப்பம் ஏறத்தாழ 2,600 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கை உங்கள் பெட்டி ஒன்றே தின்றுவிடும்.

அந்த 280 வாட்டும் நடைமுறையில் கிடைக்காத எண். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகை 25 டிகிரியில் பிடித்து வைத்திருந்தால் மட்டுமே அது பொருந்தும். நம் ஊரில் மதியம் 32 டிகிரி, பெட்டிக்குள் 45 டிகிரி என்று வையுங்கள். ஹீட்சிங்க் 75 டிகிரி வரை போகும். ஐஆர்எஃப்பி460இல் சிலிக்கானிலிருந்து முதுகு வரை ஒரு வாட்டுக்கு 0.45 டிகிரி, முதுகிலிருந்து ஹீட்சிங்க்குக்கு கிரீஸ் போட்டாலும் 0.24 டிகிரி ஏறும். 100 வாட் கொடுத்தால் 69 டிகிரி கூடி சிலிக்கான் 144 டிகிரியில் நிற்கும், எல்லையோ 150. ஆகவே ஒன்றுக்கு 70 வாட்டுக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன். அந்தக் கணக்கில் 1,700 வாட்டுக்கு இருபத்தைந்து மாஸ்ஃபெட் வேண்டும். ஹீட்சிங்க்கோ வாட்டுக்கு 0.017 டிகிரி என்ற அளவில் இருக்க வேண்டும். அது தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் சமாச்சாரம்.

இதுவரை சொன்னது சந்தேகமே இல்லாத பகுதி, வெறும் பெருக்கல். அடுத்தது கொஞ்சம் வழுக்கும் இடம். வாட் கணக்கு சரியாக இருந்தாலும் வோல்ட்டேஜ் உயர உயர டிரான்சிஸ்டர் தாங்கும் வாட் குறையும். பைபோலார் டிரான்சிஸ்டரில் (மாஸ்ஃபெட்டுக்கு முந்தைய வகை) இதற்கு செகண்ட் பிரேக்டவுன் என்று பெயர். அந்த வகையில் எம்ஜே15024ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 250 வோல்ட், 16 ஆம்பியர், 250 வாட் என்று முதல் பக்கம் சொல்லும். ஆனால் 80 வோல்ட்டில் அது உறுதி தருவது 2 ஆம்பியருக்குத்தான், அதாவது 160 வாட். அதற்கு மேலே வோல்ட்டேஜ் போகப் போக அதன் எல்லைக் கோடு செங்குத்தாகச் சரியும். மாஸ்ஃபெட்டுக்கு இந்த நோய் கிடையாது என்று பழைய புத்தகங்கள் சொல்லிவிட்டன; அது பாதிதான் உண்மை. குறைந்த கரண்ட்டில் சூடு ஏறினால் மாஸ்ஃபெட்டின் திறப்பு வோல்ட்டேஜ் குறையும். சிலிக்கானில் எந்த மூலை கொஞ்சம் சூடோ அந்த மூலை இன்னும் அதிகக் கரண்ட்டை இழுக்கும், இன்னும் சூடாகும், கடைசியில் ஓட்டை விழும். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் பாவ்லோ ஸ்பிரிட்டோ இதை ஆராய்ந்ததால் ஸ்பிரிட்டோ விளைவு என்றே பலரும் சொல்கிறார்கள். ஸ்விட்சிங் வேலைக்கென்று செய்யப்படும் புதிய டிரென்ச் வகை மாஸ்ஃபெட்டுகளில் இது மோசம். ஐஆர்எஃப்பி460 மாதிரி பழைய பிளேனர் வகைகள் ஓரளவு தாங்கும்.

ஓரளவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஐஆர்எஃப்பி460இன் டேட்டாஷீட்டில் பாதுகாப்பு எல்லை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 10 மைக்ரோசெகண்ட், 100 மைக்ரோசெகண்ட், 1 மில்லிசெகண்ட், 10 மில்லிசெகண்ட் என்று கோடுகள் இருக்கும். டிசி என்று எழுதிய கோடு இருக்காது. அதாவது தொடர்ந்து ஓடுவதற்குத் தயாரிப்பாளர் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. லீனியர் வேலைக்கு இதைப் போட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அது அந்தந்த மாஸ்ஃபெட்டின் நல்ல மனசு, உரிமை அல்ல. உறுதி வேண்டுமென்றால் ஐக்ஸிஸ் பிராண்டின் லீனியர் எல்2 மாஸ்ஃபெட் போல, டிசி எல்லையை 75 டிகிரியில் கோடு போட்டுக் காட்டும் வகையை வாங்க வேண்டும். விலை பல மடங்கு. என் யோசனை: 70 வோல்ட்டுக்குக் கீழேயே மாஸ்ஃபெட்டை வைத்துக்கொள்ளும் அமைப்பு என்றால் ஐஆர்எஃப்பி460 போதும், 200, 300 வோல்ட் அதன் மேல் தொடர்ந்து நிற்கும் அமைப்பு என்றால் எல்2 தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

இணையாகப் போட்டால் கரண்ட் தானாகச் சமமாகப் பிரியும் என்பது ஸ்விட்சிங்கில் உண்மை, லீனியரில் இல்லை. இந்த மாஸ்ஃபெட்டின் திறப்பு வோல்ட்டேஜ் 2 முதல் 4 வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். கேட் (கட்டுப்படுத்தும் கால்) நான்கையும் ஒன்றாகக் கட்டினால், நான்கு பேர் பீரோ தூக்கும்போது உயரமானவன் தோளில் பாரம் இறங்குவது போல, முதலில் திறப்பது முழுக் கரண்ட்டையும் ஏற்கும். சோர்ஸில் (கரண்ட் வெளியேறும் காலில்) 1 ஓம் ரெசிஸ்டர் போட்டாலும் அரை ஆம்பியரில் அது தருவது அரை வோல்ட் சமநிலைதான். 2 வோல்ட் வித்தியாசத்தை அது சரிசெய்யாது. பைபோலார் என்றால் எமிட்டர் ரெசிஸ்டர் வேலை செய்யும். மாஸ்ஃபெட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஆம்ப் (ஒப்பிட்டுத் திருத்தும் சிறு ஆம்ப்ளிஃபயர் சிப்) வைத்து, அதன் சோர்ஸ் ரெசிஸ்டரை அளந்து, தன் பங்குக் கரண்ட்டை மட்டும் எடுக்கும்படி செய்வதுதான் ஒழுங்கான வழி. எலக்ட்ரானிக் லோடு கருவிகளைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும். நான்கு ஆப்ஆம்ப் அடங்கிய சிப் ஒன்று காப்பிக்காசு. ஒவ்வொரு கேட்டிலும், காலுக்கு ஒட்டியே, 100 ஓம் ஒன்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மெகாஹெர்ட்ஸில் ஊசலாடும், மீட்டரில் ஒன்றும் தெரியாது, மாஸ்ஃபெட் மட்டும் காரணமில்லாமல் சூடாகும்.

எல்எம்317 விஷயம் சின்னது. அதற்குத் தரை தெரியாது, உள்ளே வெளியே உள்ள வித்தியாசம் மட்டும்தான் தெரியும். அது 40 வோல்ட்டைத் தாண்டாதவரை 300 வோல்ட்டில் மிதக்கவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் வெளியே ஷார்ட் ஆன அந்தக் கணத்தில் 345 வோல்ட்டும் அதன் மேல்தான். ஜீனர்களால் (வோல்ட்டேஜை ஓர் அளவுக்குள் பிடிக்கும் டயோடுகள்) காப்பாற்றலாம் என்பார்கள். காப்பாற்றலாம்தான், ஆனால் கரண்ட் எல்லையைக் குமிழால் மாற்றும் வசதி அதில் வராது. பழுது பார்க்கும் மேசைக்கு அந்த வசதி இல்லாத சப்ளை எதற்கு? விட்டுவிடுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். 300 வோல்ட்டும் 5 ஆம்பியரும் ஒரே நேரத்தில் உங்களுக்கு எதற்கு? வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு 300, 400 வோல்ட் வேண்டும், கரண்ட்டோ 0.3 ஆம்பியர் இருந்தால் பெரும்பாலான ஸ்டீரியோ செட்டுகளுக்கு மிச்சம். மோட்டாருக்கு 180 வோல்ட்டும் சில ஆம்பியரும் வேண்டும், ஆனால் அதற்குச் சுத்தமான டிசி தேவையே இல்லை. வேரியாக் (குமிழால் ஏசி வோல்ட்டேஜை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர்), பிரிட்ஜ் ரெக்டிஃபயர், ஒரு ஃபியூஸ் போதும். வேரியாக்குக்குத் தனிமைப்படுத்தும் வைண்டிங் கிடையாது, மோட்டாரின் இரண்டு வயரும் மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. இரண்டு தேவைகளின் உச்சத்தையும் ஒரே பெட்டியில் போட்டதால்தான் 1,500 வாட் சப்ளை வந்து நிற்கிறது. 400 வோல்ட், 0.3 ஆம்பியர் லீனியர் ஒன்றைத் தனியாகக் கட்டினால் ஷார்ட்டிலும் சுமார் 130 வாட்தான். எல்2 வகை இரண்டு போதும், ஒரு மாதத்து வார இறுதிகளில் முடிந்துவிடும். என் தம்பியாக இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இல்லை, பெரியதுதான் வேண்டும் என்றால் சரி, அதற்கும் வழி இருக்கிறது. பாஸ் டிரான்சிஸ்டருக்கு முன்னாலேயே வோல்ட்டேஜைக் குறைத்துவிட வேண்டும். பெரிய ஆய்வகச் சப்ளைகளில் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (மெயின்ஸ் பக்க வைண்டிங்கில்) டிரையாக் அல்லது எஸ்சிஆர் என்ற மின்னணு ஸ்விட்சுகளை வைத்து, பாஸ் டிரான்சிஸ்டர் மேல் எப்போதும் ஒரு சிறிய வோல்ட்டேஜ் மட்டும் நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள். நல்ல முறை, ஆனால் வீட்டில் முதன்முறை கட்டுகிறவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு அரைச் சுற்றும் சமமாகத் திறக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் டிசி ஏறி இரும்பு நிரம்பிவிடும், டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) என்றால் உறுமும். ஸ்விட்சிங் சப்ளையால் முன்னால் குறைத்து, கடைசி 15 வோல்ட்டை மட்டும் லீனியரில் வைப்பது இன்றைய தொழிற்சாலை வழி. அதற்கு ஸ்விட்சிங் சப்ளையையே முதலில் வடிவமைக்கத் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு எனக்குப் பிடித்தது டேப் மாற்றும் முறை. செகண்டரியை (வெளியீட்டுப் பக்க வைண்டிங்கை) 17, 34, 67, 134 வோல்ட் என்று நான்கு தனி வைண்டிங்காகச் சுற்றச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ முன்னதன் இரட்டிப்பு. நான்கு ரிலேயால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தால் 17 வோல்ட் படிகளில் 252 வோல்ட் ஏசி வரை கிடைக்கும். ரெக்டிஃபயருக்கு முன்னால் ஏசி பக்கத்தில் மாற்றுவதால் சாதாரண 250 வோல்ட், 10 ஆம்பியர் ரிலேயே தாங்கும். மெயின்ஸ் ஏறி நின்றாலும் பாஸ் டிரான்சிஸ்டர் மேல் அதிகபட்சம் 65 வோல்ட் போல நிற்கும், 5 ஆம்பியரில் 325 வாட். இருபத்தைந்து மாஸ்ஃபெட் ஆறாகக் குறைந்தது, ஒன்றுக்கு 55 வாட்டுக்குள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏழாம் படியிலிருந்து எட்டாம் படிக்குப் போகும்போது மூன்று சின்ன வைண்டிங்கும் விலகி, பெரியது சேர வேண்டும். பெரியது முதலில் சேர்ந்துவிட்டால் ஒரு கணம் நான்கும் சேர்ந்து முழு வோல்ட்டேஜும் கெபாசிட்டருக்குள் பாயும். ஆகவே முதலில் விலக்கு, 30 மில்லிசெகண்ட் பொறு, பிறகு சேர் என்ற வரிசையை மைக்ரோகண்ட்ரோலரில் எழுதிவிடுங்கள். அந்த 30 மில்லிசெகண்டில் 5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் கெபாசிட்டரில் 32 வோல்ட் இறங்கும், வெளியே ஒரு பள்ளம் தெரியும். மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு 0.3 ஆம்பியரில் 2 வோல்ட்தான் இறங்கும், ரெகுலேட்டர் விழுங்கிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு இப்படி வந்தது. வெளியே 300, ரெகுலேட்டருக்கு மூச்சுவிட 20, அலைவின் (கெபாசிட்டர் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் ரிப்பிள்) பள்ளத்துக்கு 10, டயோடுகளுக்கு 2. ஆக உச்சம் 332 வோல்ட், ஏசியில் 235. இங்கே மெயின்ஸ் 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். குறைந்த பக்கத்துக்காகக் கணக்கிட்டால் முழு லோடில் 250 வோல்ட் ஏசி வேண்டும். அதன் உச்சம் 353, டயோடும் அலைவும் போகச் சராசரியாக நிற்பதுதான் முன்பு சொன்ன 345 வோல்ட். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் ஒரு 5 சதவீதம் ஏறும், மெயின்ஸும் 6 சதவீதம் ஏறினால் கெபாசிட்டரில் 393 வோல்ட் நிற்கும். 400 வோல்ட் கெபாசிட்டர் போதும் என்று நினைக்காதீர்கள், 450 வாங்குங்கள். கெபாசிட்டருக்குள் பாயும் கரண்ட் கூரிய துடிப்புகளாக இருப்பதால் செகண்டரியின் ஆர்எம்எஸ் கரண்ட் (சூடேற்றும் அளவிலான கரண்ட்), டிசி கரண்ட்டைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரும். 5 ஆம்பியருக்கு 8.5 என்று வைத்தால் 2.1 கேவிஏ. எவ்வளவு மடங்கு என்பது உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் ரெசிஸ்டன்ஸைப் பொறுத்தது, அளந்துதான் உறுதிசெய்ய வேண்டும். பிரைமரியில் 9 ஆம்பியர் சொச்சம், 13 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனால் இந்த அளவு டொராய்டை நேராக ஸ்விட்ச் போட்டால் முதல் கணத்தில் வீட்டு பிரேக்கர் விழ நல்ல வாய்ப்பு இருக்கிறது. 22 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக ஏற்றி, ஒரு விநாடி கழித்து ரிலேயால் அந்த ரெசிஸ்டரை ஷார்ட் செய்துவிடுங்கள். இதற்காக வீட்டு வயரிங்கில் கை வைக்கத் தோன்றினால், அது உரிமம் பெற்ற மின்னியலாளர் வேலை. நீங்களோ நானோ தொடக்கூடாது.

கெபாசிட்டர் 4,700 மைக்ரோஃபாரட் என்றால் 5 ஆம்பியரில் அலைவு 10 வோல்ட். நல்லது. ஆனால் 345 வோல்ட்டில் அதற்குள் இருக்கும் ஆற்றல் 280 ஜூல். முன்னால் டேப்பை எவ்வளவு வேகமாகக் குறைத்தாலும், ஷார்ட் ஆகும்போது இந்த 280 ஜூலும் மாஸ்ஃபெட் வழியாகத்தான் வெளியேறும். 5 ஆம்பியர் எல்லையில் அதற்கு மூன்றில் ஒரு விநாடி பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் ஆறு மாஸ்ஃபெட்டும் தலா 290 வாட்டிலிருந்து இறங்கி வரும். சிலிக்கானுக்கு மூன்றில் ஒரு விநாடி நீண்ட காலம். பெரும்பாலான வீட்டு வடிவமைப்புகள் சாவது இங்கேதான், சாதாரண ஓட்டத்தில் அல்ல. தீர்வு எளிது: மாஸ்ஃபெட் மேல் நிற்கும் வோல்ட்டேஜை ஒரு கம்பேரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் சிப்) பார்க்கட்டும். 80ஐத் தாண்டினால் சில மில்லிசெகண்டுக்குள் கரண்ட் எல்லையை 5இலிருந்து 0.3 ஆம்பியருக்கு இறக்கிவிடட்டும். 345 வோல்ட்டிலும் அப்போது மொத்தம் 104 வாட்தான், ஒன்றுக்கு 17. கெபாசிட்டர் ஐந்தாறு விநாடியில் இறங்கும், டேப் கீழே வரும், பிறகு முழு 5 ஆம்பியரும் கிடைக்கும். இதன் விளைவு ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 180 வோல்ட்டில் வைத்துவிட்டு மோட்டாரை இணைத்தால் அது உடனே கிளம்பாது, நின்ற மோட்டார் சப்ளைக்கு ஷார்ட் மாதிரித்தான் தெரியும். சுழியத்திலிருந்து குமிழை மெல்ல ஏற்ற வேண்டும். மோட்டாரின் வேகத்தை இறக்கும்போது அதுவே ஜெனரேட்டராகி எதிர்ப்பக்கம் தள்ளும்; வெளியீட்டிலிருந்து பெரிய கெபாசிட்டருக்குத் திரும்பும்படி ஒரு டயோடு கட்டாயம்.

கட்டுப்பாட்டு சர்க்யூட்டை எங்கே உட்காரவைப்பது என்பதில்தான் பழைய ஆய்வகச் சப்ளைக்காரர்களின் புத்திசாலித்தனம் தெரியும். ஆப்ஆம்ப்களின் தரையை வெளியீட்டின் பாசிட்டிவ் முனையிலேயே கட்டிவிடுவார்கள். அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், கூட்டல் கழித்தல் 12 வோல்ட். வெளியீடு 10 ஆனாலும் 300 ஆனாலும் ஆப்ஆம்புக்குத் தெரிவது சில வோல்ட்கள் மட்டுமே. சாதாரண ஆப்ஆம்பால் எந்த வோல்ட்டேஜையும் ஆளலாம். வோல்ட்டேஜுக்கு ஒன்று, கரண்ட்டுக்கு ஒன்று, இரண்டும் டயோடு வழியாக ஒரே இடத்தில் சேர, எது முதலில் கீழே இழுக்கிறதோ அது ஆளும். ஆனால் நெகட்டிவை எர்த் செய்து பயன்படுத்தினால் இந்தக் கட்டுப்பாட்டு கார்டு முழுவதும் 300 வோல்ட்டில் நிற்கும். முன்பக்கத்தில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் உலோகத் தண்டுக்கும் அந்த 300 வோல்ட்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய காப்பு மட்டுமே. பிளாஸ்டிக் தண்டு உள்ளதை வாங்குங்கள். குமிழ் கழன்று விழுந்தாலும் கை உலோகத்தில் படக்கூடாது. வெளியீட்டை அளக்கும் டிவைடரில் ஒற்றை ரெசிஸ்டர் போடாதீர்கள். கால் வாட் ரெசிஸ்டர் பலவற்றுக்கு எல்லை 250 வோல்ட்தான், நான்கைந்தைத் தொடராகப் போடுங்கள்.

300 வோல்ட் டிசி வீட்டு மின்சாரத்தைவிட ஒரு வகையில் மோசம். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் 30 மில்லியாம்பியர் கசிவு பிரேக்கர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்காது. நீங்கள் பாசிட்டிவையும் நெகட்டிவையும் இரு கையால் தொட்டால் அது விழவே விழாது. கெபாசிட்டரின் குறுக்கே 10 கிலோஓம், 25 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கட்டும். 50 வோல்ட்டுக்கு இறங்க ஒன்றரை நிமிடம் எடுக்கும். பக்கத்தில் ஒரு நியான் விளக்கு வைப்பார்கள், நானும் வைப்பேன், ஆனால் நியான் 60 வோல்ட் வாக்கிலேயே அணைந்துவிடும். அணைந்தால் தொடலாம் என்று அர்த்தமில்லை, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை. ஃபியூஸிலும் கவனம் வேண்டும்: 250 வோல்ட் ஏசி என்று போட்ட கண்ணாடி ஃபியூஸ் 345 வோல்ட் டிசியில் எழும் ஆர்க்கை (தொடர் மின்பொறியை) அறுக்காது, உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். டிசி அளவு அச்சிட்ட செராமிக் ஃபியூஸ் வேண்டும். வெளியீட்டைத் துண்டிக்க ரிலே போடும் ஆசையும் அப்படித்தான்; 10 ஆம்பியர் ரிலேயின் முதுகில் டிசிக்கு 30 வோல்ட் என்றே எழுதியிருக்கும். ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மிதக்கும் கார்டில் மாட்டிவிடாதீர்கள், டிஃபரன்ஷியல் புரோப் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஹீட்சிங்க்குக்கு வாட்டுக்கு 0.09 டிகிரி வேண்டும். இயல்பான காற்றில் அது நடக்காது. இரண்டு ஹீட்சிங்க்கை எதிரெதிராக வைத்துச் சுரங்கம் மாதிரி மூடி, ஒரு முனையில் 120 மில்லிமீட்டர் ஃபேன். மாஸ்ஃபெட்டின் முதுகு டிரெயின் (கரண்ட் நுழையும் கால்), அதாவது முழு வோல்ட்டேஜ். மைக்கா போட்டுக் காப்பிடலாம், அதில் சூடு கொஞ்சம் தேங்கும். காப்பில்லாமல் நேராகப் பூட்டி, ஹீட்சிங்க்கையே பெட்டிக்குள் பீங்கான் தூண்களில் மிதக்கவிடலாம், சூடு நன்றாக இறங்கும், ஆனால் அந்த அலுமினியம் முழுவதும் 345 வோல்ட். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மைக்காதான், யோசிக்கவே வேண்டாம். நம் ஈரப்பதத்துக்கு ஒரு வார்த்தை: ஏர்கான் அறையில் இருந்த பெட்டியை வெளியே எடுத்தவுடன் போர்டில் நீர் அரும்பும். உயர் வோல்ட்டேஜ் தடங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டராவது விடுங்கள், முடித்தபின் வார்னிஷ் ஸ்ப்ரே அடியுங்கள், வெளியே கொண்டுவந்தால் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள்.

பொருள்களுக்கு சிம் லிம் டவரில் ஒரு சுற்று வந்து பாருங்கள். ரெசிஸ்டர், ரிலே, கனெக்டர், ஃபேனுக்கு அங்கே போகலாம். பவர் டிரான்சிஸ்டரை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடமே வாங்குங்கள். எம்ஜே15024, ஐஆர்எஃப்பி460 போன்ற புகழ்பெற்ற எண்களில் இணையத்தில் போலி நிறைய. மூடியைத் திறந்தால் உள்ளே சிலிக்கான் துண்டு சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இருக்காது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பிரைமரியோடு தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பு மாட்டுங்கள். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்ல சேதி, பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெபாசிட்டர் மூன்றை மட்டும் வைத்து, லோடு இல்லாமல் எத்தனை வோல்ட், 1 ஆம்பியரில் எத்தனை, அலைவு எத்தனை என்று அளந்து எழுதுங்கள். அந்த எண்கள் கிடைத்தால் டேப் படிகளையும் கெபாசிட்டர் அளவையும் இங்கேயே திருத்திக் கணக்குப் போடலாம். அதற்கு முன்னால் மாஸ்ஃபெட் எதுவும் வாங்க வேண்டாம்.